சின்னமும் சீலமும்

உடையைக் கண்டு ஒருவனுக்கு மதிப்பளிப்பதும், நெற்றியையும் மார்பையும் கண்டு அவன் குலத்தை அளப்பதும் நம்மவரிடையே நெடுங்காலமாக ஊறிப்போன பழக்கங்கள். ஆகவே, சின்னம் என்ற சொல்லைக் கேட்டவுடனே சீர்திருத்தத்தில் நாட்டமுள்ள அன்பர்கள் ஐயுறுவதில் வியப்பில்லை. ஆயினும், எல்லாச் சின்னங்களையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் நியாயமாகுமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் கேள்வி.

சிங்கப்பூரின் தோ பாயோவை எடுத்துக்கொள்வோம். பெருஞ்சதுப்பு எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய அவ்விடத்தில் 1960-களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பிற்று. உயிர்த்த கிறிஸ்து ஆலயம் 1971-லும், முஹாஜிரின் பள்ளிவாசல் 1977-லும் அங்கே எழுந்தன. வைராவிமட காளியம்மன் கோயிலும் அப்பேட்டையிலேயே உள்ளது. விக்டோரியா தெருவிலிருந்த கன்னியர் மடப் பள்ளி 1983-ல் அவ்விடத்தை விட்டுத் தோ பாயோவுக்கு வந்தது. இத்தகைய பேட்டையில், காளியம்மனை வணங்கும் வீட்டுப் பிள்ளை கத்தோலிக்கப் பள்ளியிற் சேர்ந்து, சாரணர் உடை பூண்டு, லில்லி மலர்ச் சின்னத்தையோ சாரணியரின் மூவிலைச் சின்னத்தையோ அணிந்து வீடு திரும்புதல் இயல்பே. "இஃது எந்த மதத்தின் அடையாளம்? என் பிள்ளை யாருக்கு என்ன உறுதி சொல்லிற்று?" என்று தாய் தந்தையர் கேட்பரேல், அக்கேள்வியை எள்ளி நகையாடலாகாது. பிள்ளையின் மனச்சாட்சி சம்பந்தப்பட்ட கேள்வி அது.

முதலில் அச்சின்னத்தின் வரலாற்றை நோக்குவோம். பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1907-ம் ஆண்டில் பிரௌன்சி தீவில் சிறுவர் சிலரைக் கூட்டி முதல் முகாம் நடத்தினார். 1910-ல் அவ்வியக்கம் சிங்கப்பூரிலும் வேரூன்றிற்று. அவர் தேர்ந்த லில்லி மலர், திசைகாட்டியிலும் தேசப்படத்திலும் வடதிசையைக் குறிக்கும் அடையாளம். வழி தவறாதவன் சாரணன் என்பதே அதன் கருத்து. அதன் மூன்று இதழ்கள் உறுதிமொழியின் மூன்று பகுதிகளை நினைவூட்டுவன: கடவுளுக்கும் நாட்டிற்கும் செய்யும் கடமை, பிறர்க்கு உதவி, சாரணர் நெறியைக் காத்தல். மூன்று விரல்களால் செய்யும் வணக்கத்திற்கும் பொருள் அதுவே. கழுத்துத் துணியோ வெறும் அலங்காரமன்று. கை முறிந்தவனுக்குத் தூக்குக் கட்டாக உதவுவது.

அதே லில்லி மலரைக் கத்தோலிக்கர் மரியன்னையின் தூய்மைக்கு அடையாளமாகக் கொள்வர். ஒரே மலர் ஒருவனுக்கு வடதிசை, மற்றொருவனுக்குத் தூய்மை. ஆனால், அந்தக் கத்தோலிக்கரே ஒரு காலத்தில் சாரணர் சின்னத்தை ஐயுற்றனர் என்பதை நம்மவர் அறிதல் நன்று. இஃது ஆங்கிலேயர் கண்டது, புராட்டஸ்டன்டு நாட்டில் பிறந்தது, நம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பிரான்சு நாட்டில் பலர் எண்ணினர். இயேசு சபையைச் சேர்ந்த ழாக் செவேன் பாதிரியார் 1913-ல் இங்கிலாந்து சென்று பேடன் பவலை நேரில் கண்டு, அம்முறையை ஆராய்ந்தார். 1920-ல் பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தை நிறுவுவதில் முன்னின்ற அவர், ஜெருசலேம் சிலுவையின் மேல் லில்லி மலரைப் பொறித்துத் தம்மவர்க்கு ஒரு சின்னம் அமைத்தார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. இந்தியச் சிறுவர்க்குச் சாரணர் படையில் இடமில்லை என்றிருந்த நாளில், அன்னி பெசண்ட் அம்மையார் 1917-ல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சிறுவர் ஆங்கிலத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. சின்னம் கல்லிற் பொறித்த விதியன்று, அணிவோர் தம் மானத்திற்கும் மனத்திற்கும் ஏற்ப அதை ஆக்கிக்கொள்ளலாம் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

நிற்க. குலச் சின்னத்திற்கும் சாரணர் சின்னத்திற்கும் உள்ள வேற்றுமை யாது? முன்னது பிறப்பால் வருவது. அணிவோன் எதையும் வாக்களிக்க வேண்டுவதில்லை. அவன் எத்தனை இழிசெயல் புரியினும் அது அவனை விட்டு நீங்குவதில்லை. பின்னதோ, உறுதிமொழி கூறிய பின்னரே கிடைப்பது. வாக்குத் தவறினால் அதை அணியும் தகுதியும் போகும். முன்னது சிலரை விலக்கி வைக்கவே பயன்பட்டது. பின்னதை அணிந்த ஆறு எட்டுப் பிள்ளைகள் முகாமில் ஒரே பானையிற் சமைத்து, ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர். சமபந்தி போஜனத்திற்காக நம் முன்னோர் எத்துணை மேடைகளில் வாதாடினர் என்பதை நினைப்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

ஆயினும் சீருடையைக் கண்மூடிப் புகழவும் நாம் துணியோம். செல்வர் வறியர் என்னும் பேதத்தை மறைப்பதற்கே சீருடை என்பர். அந்தச் சீருடையை வாங்கப் பணமில்லாமல் ஒரு பிள்ளை ஒதுங்கி நிற்குமாயின், பேதத்தை மறைக்க வந்த துணியே பேதத்தைப் பறைசாற்றும். இன்னும் பெரிய ஆபத்தும் உண்டு. ஹிட்லரின் இளைஞர் படையும் சீருடை அணிந்தது. கொடியும் சின்னமும் உறுதிமொழியும் அதற்கும் இருந்தன. அவ்வாட்சி 1935-ல் ஜெர்மனியின் கத்தோலிக்க இளைஞர் சங்கங்கள் சீருடையும் சின்னமும் அணிதலைத் தடுத்தது. 1929-ல் தோன்றிய புனித ஜார்ஜ் சாரணர் சங்கத்தை 1938-ல் கலைத்தது. சில முழம் துணிக்கு ஒரு பேரரசு ஏன் அஞ்ச வேண்டும்? அரசுக்கும் மேலான கடமை ஒன்று உண்டு என்று அத்துணி சொல்லிற்று; அதனாலேயே அஞ்சினர்.

ஆகவே, எச்சின்னத்தையும் அளக்க மூன்று கேள்விகள் போதும். அதை அணிவோன் பொருளறிந்து, தன் விருப்பத்தோடு அணிகின்றானா? அது மனிதரைச் சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா? தவறான ஆணை வந்தால் மறுக்கும் உரிமையை அது அவனுக்கு விட்டுவைக்கின்றதா? இவற்றுக்குத் தக்க விடை தரும் சின்னம் எந்த மதத்தார் பள்ளியிலிருந்து வரினும் நமக்குப் பகையன்று.

பள்ளியாருக்கு நாம் சொல்வது யாதெனில், வேற்று மதப் பிள்ளைக்குச் சின்னத்தின் பொருளை ஒளிவின்றி எடுத்துரைப்பது உங்கள் கடமை. உங்கள் மதத்தார் அதில் காணும் பொருளை அப்பிள்ளையும் ஏற்கவேண்டும் என எதிர்பார்த்தல் முறையன்று. உடை வாங்க இயலாத பிள்ளைக்கு, பிறர் அறியாவண்ணம் பழைய உடை கிடைக்க வழி செய்யுங்கள். பெற்றோர்க்குச் சொல்வது வேறு. பிள்ளை அணிந்துள்ள மலரைக் கண்டு கலங்காமல், நாள்தோறும் ஒரு நற்செயல் என்று அது கூறிய வாக்கைக் கேட்டறியுங்கள். மின்தூக்கி வாயிலில் சுமையோடு நிற்கும் சீன மூதாட்டிக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து தளம் பெருக்கும் தொழிலாளிக்கும் அப்பிள்ளை கை கொடுக்குமாயின், அந்த மலர் உங்கள் வீட்டுக்கும் உரியதே.