கணக்கு எழுதியவரே சரிபார்த்தால்...

பனமரத்துப்பட்டி பக்கம் ஏதாவது ஒரு பால் சொசைட்டிக்குப் போய், 'இந்த வருஷம் ஆடிட்டை செக்ரட்டரியே பார்த்துக்கட்டும்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு கறவை மாடு வைத்திருக்கும் பாட்டிகூடச் சிரிப்பார். "கணக்கு எழுதறவரும் அவரே, சரி பாக்கறவரும் அவரேன்னா, அது என்ன கணக்குங்க?"

பி.காம். படித்த எல்லோருக்கும் இது பாலபாடம். ஒரு கம்பெனியின் ஊழியர் அதே கம்பெனிக்கு ஆடிட்டராக முடியாது. அவர் திருடர் என்பதால் அல்ல. தனக்குத்தானே மார்க் போடுவது யாராக இருந்தாலும் சரிவராது என்பதால்.

பாலுக்கும் பணத்துக்கும் இருக்கிற இந்த நியாயம், மனுஷ உயிருக்கு இல்லையா?

2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும். தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர். உறுப்பினராக டி.ஜி.பி.! மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். பால் சொசைட்டிப் பாட்டி மறுபடியும் சிரிப்பார்.

2020 ஜூன். சாத்தான்குளம் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பியது. அங்கே கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். ஆனால், ஒரு பெண் தலைமைக் காவலர் தான் கண்டதைச் சொன்னார். அவருடைய மனசாட்சி அன்றைக்குத்தான் விழித்ததா? இல்லை. கேட்பதற்கு வெளியாள் ஒருவர் வந்தது அன்றைக்குத்தான்!

'ராப்பகலாக உழைக்கிற நல்ல போலீஸ்காரர்களைச் சந்தேகப்படலாமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், நேர்மையான கேஷியர் ஆடிட்டரைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. 'கணக்கு சரி' என்ற கையெழுத்து முதலில் காப்பாற்றுவது அவரைத்தான். கண்காணிப்பு இல்லாத இடத்தில் நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே பெயர்தான் கிடைக்கும்.

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வையுங்கள் என்றது. நல்லது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் கேமரா இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

அதன் சாவி யார் கையில் என்றும் கேளுங்கள்.