நகத்துண்டுக்கு மறுமொழி உண்டா?

சென்ற ஆண்டு, வவுனியாப் பக்கத்திலிருந்து புதுக்குடியிருப்புக்கு மகள் வீடு வந்திருந்த முதிய தாயொருவர் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். உறவு முறையில் அவர் எனக்கு மாமி. நெல்வயலில் உழைத்துக் காய்த்த கை. அந்தக் கையை விரித்துக் காட்டி அவர் கேட்டது இது:

"தம்பி, என்ர கைநகத்தை வெட்டி, தலைமயிரும் கொஞ்சம் எடுத்து, சலமும் வாங்கிக்கொண்டு போனவை. மூண்டு வருசமாச்சு. நல்லதோ கெட்டதோ ஒரு மறுமொழி வரேல்லை. அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறதோ விடுறதோ எண்டாவது சொல்லியிருக்கலாமே."

வந்தவர்கள் யாரென்று அவருக்கு நினைவில்லை. மரியாதையாகப் பேசினார்களாம், தேநீரும் குடித்தார்களாம்.

நகத்தை ஏன் எடுக்கிறார்கள் என்று வாசகர்கள் வினவலாம். நாம் உண்பதிலும் குடிப்பதிலும் கலந்துவரும் கட்மியம், ஆசனிக்கு, பாதரசம் போன்றவற்றின் ஒரு பங்கு நகத்திலும் மயிரிலும் தங்கிவிடுகிறது. மயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், அது உடல் தானே எழுதிவைத்த நாட்குறிப்பு எனலாம். வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்டு, வவுனியா வரை பரவலாகக் காணப்படும் சிறுநீரக நோய்க்குக் காரணம் தேடி, சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. அதிலும் நோயாளரின் சிறுநீர், நகம், மயிர் ஆகியவற்றைச் சோதித்தனர். கட்மியமும் கிருமிநாசினி எச்சங்களும் காணப்பட்டன. ஆயினும் நோய்க்குக் காரணம் இதுதான் என்று இன்றுவரை முடிவாகவில்லை.

மனிதரிடம் வருமுன்னர் கேட்கத்தக்க சாட்சிகளும் உண்டு. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையொன்று 2001இல் மூடப்பட்டது. அதன் அயலில் மரப்பட்டைகளில் ஒட்டிப் படர்ந்திருந்த கற்பாசியையும் பாசியையும் ஐதராபாத்து ஆய்வாளர்கள் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். தூரத்திலுள்ள பேரிஜம் ஏரிப் பகுதியைவிட அங்கே பாதரசம் பல மடங்கு மிகுந்திருந்தது. கற்பாசிக்கு வேரில்லை, காற்றும் மழையும் கொணர்வதையே அது உண்கிறது. ஆகவே காற்றில் எது வந்ததோ அதை மறைக்க அதற்கு இயலாது. தாவரத்தைக் கேட்டறிய முடிந்ததை மனிதரின் குருதியில் போய்த் தேடும் நிலை வருமானால், நாம் பிந்திவிட்டோம் என்றே பொருள். மாமியின் நகத்தில் நஞ்சு காணப்படும் நாளில் அது அவர் உடலுக்குள் புகுந்து வெகுகாலமாகியிருக்கும். அளவுகோலாக ஆக்கப்பட்டவர் ஏற்கெனவே காயப்பட்டவர்.

யப்பானின் மினமாட்டா இதற்குப் பெரும் சான்று. 1956இல் அங்கு புதிய நோயொன்று அறிவிக்கப்பட்டது. மீன் தின்ற பூனைகள் அதற்கு முன்னரே வலிப்புக்கண்டு செத்தன. அதை அறிவித்தவர் சிசோ தொழிற்சாலையின் சொந்த ஆஸ்பத்திரித் தலைவர், வைத்தியர் ஹொசொகாவா. 1959இல் அவர் தொழிற்சாலைக் கழிவை உணவிற் கலந்து 400ஆம் இலக்கமிட்ட பூனைக்குக் கொடுத்தார். ஒக்டோபரில் அந்தப் பூனை அதே நோயில் வீழ்ந்தது. நிருவாகம் பரிசோதனையைத் தொடரவிடவில்லை, முடிவும் வெளிவரவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே, கம்பனி குற்றவாளியென்று பின்னர் தெரியவந்தாலும் மேலதிக நட்டஈடு கேட்பதில்லை என்ற உடன்படிக்கையில் நோயாளர் குடும்பங்களிடம் ஒப்பம் பெறப்பட்டது. பூனையின் கதை அந்தக் குடும்பங்களுக்குத் தெரியாது. கழிவு 1968 வரை கடலிற் கலந்தது. ஹொசொகாவா 1970இல், புற்றுநோயில் படுத்தபடியே சாட்சி கூறினார், அவ்வாண்டே இறந்தார்.

அவரைத் தீயவர் என்று கூற எனக்கு மனமில்லை. சம்பளம் கொடுப்பவனுக்குப் பணிந்த நல்ல மனிதர் அவர், அதுதான் அச்சமூட்டுகிறது.

அந்த ஊரிலேயே இன்னொரு காரியமும் நடந்தது. பிள்ளையின் உலர்ந்த தொப்புள்கொடியைச் சிறு பெட்டியில் காத்துவைப்பது யப்பானிய வழக்கம். தாயின் நஞ்சுக்கொடி குழந்தையைக் காக்கும், விஷம் கடக்காது என்று வைத்தியர்கள் கருதியிருந்த காலம் அது. வைத்தியர் ஹரடா முதலானோர் அந்தப் பெட்டிகளைக் கேட்டுப்பெற்று, கொடிகளிலேயே பாதரசத்தைக் கண்டு 1975இல் வெளியிட்டனர். எந்த ஆண்டு பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு என்பது அதில் எழுதியிருந்தது. 2009இல் வீடு, காணி உறுதி, பிறப்புப் பத்திரம் யாவும் இழந்த எங்கள் ஊரவருக்கு, ஒரு சிறு பெட்டியை இருபதாண்டு காப்பது எத்தகைய காரியம் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தாய்மார் கொடுத்தது மாதிரிப்பொருள் அல்ல, நம்பிக்கை.

"தெளிவில்லாத முடிவைச் சொல்லிச் சனங்களைப் பயப்படுத்துவதா?" என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. அற்பமான கேள்வியல்ல. 1951இலேயே அமெரிக்காவில் தாய்ப்பாலில் டீ.டீ.ரீ. கண்டறியப்பட்டது. வன்னியில் மலேரியாவுக்கு அஞ்சி அதையே வீட்டுச் சுவர்களில் அடித்தோம். உயிர்களைக் காத்ததும் அதுவே. பாலில் நஞ்சு என்ற பாதிச் செய்தியை ஒரு தாயிடம் போட்டுவிட்டுப் போனால் அவள் பாலூட்டுவதை நிறுத்திப் பிள்ளையை அதைவிடப் பெரிய ஆபத்தில் விடக்கூடும். ஆகவே முழுச் செய்தியையும், இருந்து, விளங்கும் தமிழில் சொல்லவேண்டும்: "இருக்கிறது, ஆயினும் பால் கொடுங்கள்." வாய்மூடிப் போவதற்கு இது நியாயமாகாது. "இன்னும் எங்களுக்கு விளங்கவில்லை" என்பதும் ஒரு மறுமொழியே. அதைச் சொல்ல ஒரு தபால்முத்திரை போதும்.

நம்மிடமும் ஒரு கணக்குண்டு. போத்தலில் எழுதிய அளவுக்கு இரட்டிப்பாய்க் கலந்து வயலுக்கு மருந்தடித்துவிட்டு, வெறும் போத்தலை வாய்க்காலில் எறிபவர்கள் வேற்றூரார் அல்லர். மாமியின் பிள்ளைகளும் அடித்தார்கள், அவரே சொன்னார்.

அன்று மாலை அவருக்காக ஒரு கடிதம் எழுதினேன். முகவரிக்கு, அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு என்று மட்டும் போட்டோம். அவருக்காவது அறிக்கை போயிருக்கும் என்ற எண்ணம். மாமி கண்ணாடியைப் போட்டு மெல்ல வாசித்து ஒப்பமிட்டார். பிறகு சொன்னார்:

"இன்னொண்டும் எழுது தம்பி. என்ர கையிலயும் ஒரு பிரதி இருக்கட்டும்."