நித்திய நியமமும் ஒலுவில் துறைமுகமும்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் அன்பர்களே!

ஆண்டுதோறும் தைப்பூசத்திலும் மகாசிவராத்திரியிலும் நம்மிற் பலர் சங்கற்பம் செய்துகொள்கின்றோம். இவ்வாண்டு பெரியபுராணத்தை ஓதி முடிப்பேம் என்பார் ஒருவர்; பண்டித பரீட்சைக்குப் படிப்பேம் என்பார் மற்றொருவர்; வைகறையில் எழுந்து அநுட்டானம் வழுவாது செய்வேம் என்பார் பிறிதொருவர். திங்கள் மூன்று கழிந்தபின் அச்சங்கற்பம் யாதாயிற்று என வினாவின், “பொழுது போதவில்லை” என்பதே யாவரும் கூறும் சமாதானம். குறை பொழுதினிடத்ததா, நம்மிடத்ததா என ஆராய்தற்கு, கீழ்க்கரையிலுள்ள துறைமுகமொன்றை உங்கள் கண்முன் நிறுத்துகின்றோம்.

இலங்கையின் அம்பாறை மாவட்டத்திலே, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஒலுவில் என்னும் ஊர் உளது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் நிறைந்து வாழும் ஊர் அது. அங்கே டென்மார்க்கு நாட்டின் கடனுதவியைக் கொண்டு கட்டிய துறைமுகம் 2013-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே திறந்துவைக்கப்பெற்றது. கடலோ திறப்புவிழாவை அறியாது. அக்கரையிலே அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஆண்டுதோறும் நகர்த்திச் செல்வன. கடலுள் நீண்ட கற்சுவர்கள் அவ்வியக்கத்தை மறிக்கவே, தென்புறத்திலும் துறைவாயிலிலும் மணல் குவிந்தது. வடபுறத்திலே நிந்தவூர்ப் பக்கத்துக் கரை அரிப்புண்டு தென்னைகள் வீழ்ந்தன. வாயில் தூர்ந்தது, படகுகள் போக்குவரவின்றி நின்றன, மீனவர் முறையிட்டனர், தூர்வாரினர், பின்னும் தூர்ந்தது.

கட்டியவர்மேற் குறை கூறுதல் எம் கருத்தன்று. அதனை ஆராய எஞ்சினியர்கள் உளர். யாம் நோக்குவது இது: துறைமுகத்தைக் கட்டுதற்கு ஒருகால் முயன்றாற் போதும், அதன் வாயிலைத் திறந்து வைத்திருத்தற்கோ ஓயாத முயற்சி வேண்டும். சங்கற்பம் செய்யும் நாள் நமக்குத் திறப்புவிழா நாள். மறுநாள் தொடங்கி மணல் வருகின்றது. வரவு இடாப்பு ஒரு பிடி மணல். பாடக்குறிப்பு ஒரு பிடி. அயல்வீட்டு விசேடம் ஒரு பிடி. கைத்தொலைபேசியோ, சொல்லவேண்டா, ஒரு கூடை. இவற்றுள் ஒன்றேனும் தனியே நின்று வாயிலை அடைப்பதன்று. ஆகலினாலேதான் அடைபடும் வரையில் நாம் அறிவதில்லை.

கடற்கரையிலே பிறந்து, கடற்றொழிலே செய்து, நியமத்தாலே வீடுபெற்றவர் ஒருவர் நம் அறுபத்து மூவருள் உளர். நாகபட்டினத்து நுளைப்பாடியிலே பரதவர் குலத்து அவதரித்த அதிபத்த நாயனார் அவர். நாள்தோறும் வலையிற்படும் மீன்களுள்ளே தலைமீன் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விடுவது அவர் கொண்ட நியமம். வலை நிரம்பிய நாளிலே ஒரு மீனை விடுதல் அரிதன்று. பின்னர்ப் பல நாள் வலையில் ஒரு மீனே பட்டது. செல்வம் சுருங்கிற்று, சுற்றத்தார் பசித்தனர். அந்த ஒன்றையும் அவர் விட்டார். முடிவிலே பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்றே அகப்பட, அதனையும் விட்டார். இறைவன் இடபாரூடராய் எழுந்தருளினார்.

இச்சரிதத்தை மாணாக்கருக்குச் சொல்லும்போது நாம் பொன்மீனையே பெரிதாகச் சொல்லிவிடுகின்றோம். பிள்ளைகளும் அதனையே விரும்பிக் கேட்பர். எமக்கோ, பொன்மீனுக்கு முன் கழிந்த அந்த ஒற்றை மீன் நாட்களே பெரியனவாகத் தோன்றுகின்றன. அந்நாட்களிலே காண்பார் இல்லை, புகழ்வார் இல்லை. வீட்டிலே அடுப்பு எரியவில்லை. அன்றியும், அவர் விட்டது எஞ்சிய மீன் அன்று, தலைமீன். நாமோ எல்லா வேலையும் முடித்து, உண்டு, கண் செருகும் வேளையிலே எஞ்சிய பொழுதை எடுத்து இறைவனுக்கும் கல்விக்கும் வைக்கின்றோம். அது எஞ்சாதபோது பொழுது போதவில்லை என்கின்றோம்.

தலைமீன் எத்துணைப் பெரியதாயிருத்தல் வேண்டும்? ஒரு நாளுக்கு நாழிகை அறுபது. நாழிகையொன்று 24 நிமிடம். நாளுக்கு ஒரு நாழிகை வைப்பின் ஓராண்டில் 146 மணி நேரம் சேரும். நாலாயிரத்தின் மேற்பட்ட செய்யுள் கொண்ட பெரியபுராணத்தை நாள் ஒன்றுக்கு மூன்று செய்யுளாக ஓதின், நான்கு ஆண்டளவிலே முற்றும். நான்கு ஆண்டா என மலைப்பார் உளர். ஓதாவிடினும் அந்நான்கு ஆண்டு கழியுமன்றோ?

ஒலுவிலுக்கு வடக்கே, நிந்தவூரைக் கடந்தால் வருவது காரைதீவு; 1892-ஆம் ஆண்டிலே விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். அவர் நம்மைப்போல் ஆசிரியத் தொழிலில் நின்றவர். மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டித பரீட்சையில் 1916-இலே தேறினார். ஆசிரியராயிருந்தபடியே கற்று, 1920-இலே இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். துறவும், வித்தியாசாலைகளின் மேற்பார்வையும், பத்திரிகை நடத்துதலும், சர்வகலாசாலைப் பேராசிரியப் பதவியும் அவர் பொழுதைப் பகுத்துக்கொண்டிருந்த காலத்தேதான் யாழ்நூல் ஆராய்ச்சி பல்லாண்டு நடந்தது. அந்நூல் 1947 ஜூனிலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. மறுமாதமே அடிகள் சிவபதம் எய்தினார். ஓய்வு கிடைத்தபின் எழுதுவேம் என்று அவர் இருந்திருப்பின் யாழ்நூல் நமக்குக் கிடைத்திராது.

இன்னொன்றும் சொல்லல் தகும். அக்கரையூர்களிலே வைகறையில் பாங்கொலி கேட்கும். முஸ்லிம் அன்பர்கள் ஐவேளைத் தொழுகைக்குப் பொழுது தேடுவதில்லை. தொழுகையை நாட்டியபின் ஏனைய வேலைகளை அதனைச் சூழ வைக்கின்றனர். நம் ஆலயங்களிலே ஆறுகாலப் பூசை வகுத்த முன்னோர் கருத்தும் அதுவே. ஆலயத்துக்கு உள்ள காலம் நம் வீட்டுக்கு இல்லாது போனது எங்ஙனம்?

எம் குறையை மறைத்து உங்களுக்கு உபதேசித்தல் நேர்மையன்று. பல ஆண்டுகளுக்கு முன் யாம் அழகிய நேரசூசி ஒன்று வரைந்து, இரவிலே நான்கு நாழிகை பெரியபுராணத்துக்கு என வகுத்துச் சுவரில் ஒட்டினோம். பதினோராம் நாள் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் வந்தன. பன்னிரண்டாம் நாள் முதல் நேரசூசி மட்டுமே சுவரில் இருந்தது. பின்பு ஒருகால், நீராடித் திருநீறு அணிந்தவுடன், தேநீருக்கு முன்னே, மூன்று செய்யுள் என்று மாற்றிக்கொண்டோம். திருநீறு அணிதலை மறப்பதில்லை. ஆகலின் அதனோடு கட்டிய நூலும் மறவாது நின்றது. தவறிய நாளுக்கு மறுநாள் ஆறு செய்யுள் ஓத முயலவில்லை. அது மூன்றாம் நாளையும் கெடுத்துவிடும் எனக் கண்டோம். மறுநாள் மூன்றே.

ஓதிய நாட்களைக் குறிக்கும் ஏடு ஒன்று வைத்திருக்கின்றோம். அதிலே வெற்றிடங்கள் பல உள. காய்ச்சல் நாட்கள் சில, சோம்பல் நாட்கள் பல. சென்ற வாரம் அதிபத்த நாயனார் புராணம் வந்தது. அன்று காலை மழை. பாடசாலைக்குப் பேருந்து தவறிற்று. எனினும் மூன்று செய்யுளும் ஓதியே புறப்பட்டோம்.

திருச்சிற்றம்பலம்.