மரம் மட்டும் வேண்டாம்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் காலி இடம். ரிட்டையர் ஆனபின் அப்பா அதில் காய்கறி போட்டார். முழங்கால் வலி வந்ததும் விட்டுவிட்டார். சீமைக்கருவேலம் முளைக்க ஆரம்பித்தபோது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்து கேட்டார். இடமும் தண்ணியும் எங்களுது, விதையும் பாடும் அவருது. விளைவதில் பாதிக்குப் பாதி.

ஏழு வருடம் அப்படியே ஓடியது. கீரை, அவரை, பீர்க்கங்காய். அவரேதான் பங்கு பிரிப்பார். நல்ல காயெல்லாம் எங்கள் கூடைக்கு வந்துவிடும். பின்பக்கப் படலைத் திறந்து வருவார், அப்படியே போவார். முன்வாசலில் வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

எனக்கு இதில் பெருமைதான். சும்மா கிடக்கும் நிலத்தையும் தோட்டம் போட ஆசைப்படுபவர்களையும் சேர்த்துவைக்க, 2009இல் பிரிட்டனில் ஹியூ ஃபியர்ன்லி-விட்டிங்ஸ்டால் என்பவர் ‘லேண்ட்ஷேர்’ தொடங்கியதைப் படித்தபோது, “இது எங்க வீட்ல எப்பவோ நடக்குது” என்று பெங்களூர் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் அக்கா அப்பாவிடம் கேட்டார்: “ஏனுங்கய்யா, அந்த மூலையில ஒரு எலுமிச்சங்கன்னு வெச்சுக்கட்டுங்களா?”

“பயிர் எது வேணும்னாலும் வை. மரம் மட்டும் வேண்டாம்.”

அவர் மறுபடி கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பக்கம் இந்த ஏற்பாட்டுக்குப் பழைய பெயர் உண்டு: வாரம். ஆட்டைக்கூட வாரத்துக்கு விடுவார்கள். வளர்ப்பவருக்குக் குட்டிகளில் பங்கு. நிலத்தில் உழுபவரின் பங்கு குடிவாரம், நிலத்துக்காரர் பங்கு மேல்வாரம். யார் மேலே என்பதைச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது.

அப்பாவின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி 1955இல் சட்டம் வந்தது. அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969இல் இன்னொரு சட்டம். வீட்டுக் கொல்லைக்கு அதெல்லாம் பொருந்துமா என்று அப்பா யோசிக்கவில்லை. “பேரு ஏறிட்டா எறங்காதுடா” என்பார். பி.எஃப். பணத்தில் வாங்கிய இடம் அது. காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்தே பல ஊரில் எல்லாம் வாய்ப்பேச்சாகவும், வருஷத்துக்கு வருஷம் ஆள் மாற்றுவதாகவும் போனது. கீரை ஒரு மாசத்தில் முடிந்துவிடும். எலுமிச்சை காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். மரம் வைப்பவர் அத்தனை நாள் இருப்பேன் என்று சொல்கிறார்.

உழைப்பைக் கலந்தால் பொருள் உழைத்தவனுடையதாகிறது என்று ஜான் லாக் 1689இல் வாதிட்டார். அதே இடத்தில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்கரணையும் தன் சொத்துதான் என்கிறார். முதல்முறை படித்தபோது இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது எங்கள் கொல்லைதான் ஞாபகம் வருகிறது.

அந்த மண்ணை அள்ளிப் பார்த்தால் தெரியும். முன்பு கட்டாந்தரை. ஏழு வருடம் ஆட்டுப் புழுக்கையும் இலைதழையும் கொட்டி, இப்போது கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. காயை எண்ணிப் பாதி பிரித்தோம். இந்த மண்ணை யாரும் பிரிக்கவில்லை. முழுதாக எங்களுக்கே வந்துவிட்டது. நாங்கள் இடம் கொடுத்து உதவினோம் என்றுதான் ஊரில் பேச்சு. அக்காவும் அப்படித்தான் சொல்வார். யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்டால் என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சமமான பங்கு என்றால் நியாயமான பங்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விளைந்ததில் பாதி கொடுக்க எங்களுக்குக் கஷ்டமே இல்லை. இன்னும் நாலு வருஷம் நீ இங்கே இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் முடியவில்லை.

போன வருடம் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவிடம் சொன்னேன்: “எலுமிச்சை வெச்சுக்கங்கக்கா.”

அவர் சிரித்தார். “இனி எதுக்குங் கண்ணு? அது காய்க்கிறதுக்குள்ள நீங்க எடத்த வித்துருப்பீங்க.”

நான் பதில் சொல்லவில்லை. முந்தின நாள்தான் தம்பியும் நானும் விலை பேசிக்கொண்டிருந்தோம்.