நூலும் ஒரு சாட்சி

நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி நாம் நேரில் கண்டு அறிந்ததன்று. பிறர் சொல்லக் கேட்டும் பிறர் எழுதக் கற்றும் ஏற்றுக்கொண்டதே. ஒரு சொல்லின் பொருளில் ஐயம் எழுந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். ஒரு மன்னன் ஆண்ட காலம் தெரியவேண்டுமானால் வரலாற்று நூலைத் திறக்கிறோம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், கஷாயத்திற்குச் சுக்கு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று வைத்தியக் கையேட்டில் பார்க்கிறோம். கண்ட விடையை மீண்டும் சோதித்துப் பார்ப்பவர் நம்மில் அரியர். சோதிக்கும் வசதியும் கல்வியும் இருந்தால் அந்த நூலையே நாடியிருக்கமாட்டோம்.

கவிதையையும் புதினத்தையும் நாடும் மனநிலை வேறு. அங்கே கற்பனைக்கு இடம் உண்டு என்பதை அறிந்தே உள்ளே செல்கிறோம். அகராதியிடமும் வரலாற்று நூலிடமும் தொழிற் கையேட்டிடமும் வெறுங்கையோடு செல்கிறோம். முகம் அறியாத ஒருவர்மீது முழு நம்பிக்கை வைக்கிறோம். அப்படியானால் அந்த நம்பிக்கையைப் பெறுகிறவருக்கு உள்ள கடமை எத்தகையது? அவரது நூலில் காணும் பிழை வெறும் கல்விக் குறைபாடுதானா, அல்லது மனச்சான்றைச் சார்ந்த குற்றமுமா?

பொய்ச்சான்று கூறலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் எட்டாவது. இக்கட்டளையை நீதிமன்றத்தோடும் அண்டை வீட்டாரைப் பற்றிய வம்புப் பேச்சோடும் நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். ஆயின், நூல் எழுதுகிறவரும் ஒரு சாட்சியே. அதிலும் சாதாரண சாட்சியைவிடப் பொறுப்பு மிகுந்த சாட்சி. மன்றத்தில் நிற்கும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நூலைச் செய்ய முடியாது. மன்றத்துச் சாட்சியம் ஒரு வழக்கோடு முடியும். நூலின் சாட்சியமோ ஆயிரம் படிகளாகப் பெருகி, ஆசிரியர் மறைந்த பின்னரும் பேசிக்கொண்டேயிருக்கும். அதனால் தீங்கு விளையும்போது பதில் சொல்ல அவர் அங்கே இருப்பதில்லை.

இப்பொறுப்பைத் திருவிவிலியமே உணர்த்துகிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியர், சீரேனைச் சேர்ந்த யாசோன் ஐந்து தொகுதிகளில் எழுதிய வரலாற்றை ஒரே நூலாகச் சுருக்கித் தந்தவர். அந்த வேலை எளிதன்று, வியர்வையும் உறக்கமின்மையும் கலந்தது என்று இரண்டாம் அதிகாரத்தில் அவர் கூறுகிறார். படிப்பவர் பலருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காகவே அத்துன்பத்தை விரும்பி ஏற்றதாகவும் சொல்கிறார். நூலின் இறுதியில், நன்றாக அமைந்திருந்தால் அதுவே தம் விருப்பம் என்றும், குறையிருந்தால் தம்மால் இயன்றது அவ்வளவே என்றும் பணிவோடு விடைபெறுகிறார். நற்செய்தியாளர் லூக்காவும் தம் முகவுரையில், கண்ணுற்றவர்கள் ஒப்படைத்தவற்றைத் தொடக்கத்திலிருந்தே கருத்தாய் ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாகத் தெரிவிக்கிறார். இறைஏவுதல் ஒருவரை உசாவியறியும் உழைப்பிலிருந்து விடுவிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

திருச்சபையின் தந்தையர் இத்தகைய நூல்களை அற்பமானவை என்று ஒதுக்கவில்லை. புனித அகுஸ்தீனார் கிறிஸ்தவப் போதனை பற்றிய தமது நூலின் இரண்டாம் பகுதியில், திருநூலில் வரும் ஊர்களையும் விலங்குகளையும் மூலிகைகளையும் மரங்களையும் கற்களையும் விளக்கும் தொகுப்பை யாரேனும் ஆக்கித் தந்தால் படிப்பவர்களுக்குப் பேருதவியாகும் என்று விரும்புகிறார். இறையியலில் தலைசிறந்த அறிஞர் ஒருவர், ஒரு கலைச்சொற் களஞ்சியத்திற்காக ஏங்குகிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஏழாம் நூற்றாண்டில் அதைவிடப் பெரியதொரு களஞ்சியம் எழுந்தது. செவில் நகர ஆயர் புனித இசிதோர் இருபது பகுதிகள் கொண்ட தம் நூலில் இலக்கணத்தில் தொடங்கி மருத்துவம், சட்டம், உழவு, கட்டடம், கப்பல், உணவு, வீட்டுத் தட்டுமுட்டு ஈறாக அன்றைய அறிவனைத்தையும் தொகுத்தார். நடுக்கால ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அந்நூலைக் கைவிளக்காகக் கொண்டது. அதில் பிழைகள் ஏராளம். நண்பனைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'உள்ளத்தின் காவலன்' என்பதிலிருந்து பிறந்தது என்று எழுதினார். எவ்வளவு அழகிய கருத்து! எனினும் மொழியியலார் அதை ஏற்பதில்லை. இதனால் இசிதோர் பொய்ச்சான்று கூறியவர் ஆவாரா? ஆகார். தம் காலத்துக் கருவிகளைக் கொண்டு தம்மால் இயன்றவரை தேடினார். கண்டதைக் கண்டபடி கொடுத்தார். 1722இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தபோது அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் தடையாக நிற்கவில்லை.

எனவே தவறு வேறு, பொய் வேறு. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுவே நம்மில் பலரை வீழ்த்துவது. அறிந்துகொள்ளக் கடமைப்பட்டதையும் அறிந்துகொள்ள இயன்றதையும் அறியாமல் விடுவது குற்றமே என்கிறார் புனித தோமா அக்குவினார். தேடினால் கிடைத்திருக்கும், தேடவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள், கேட்கவில்லை. இருந்தும் உறுதியான குரலில் எழுதிவிட்டார். இவர் பொய் சொல்ல எண்ணவில்லை என்பது உண்மையே. தாம் அறியாததை அறிந்தவர்போல நின்று சான்றளித்தார் என்பதும் உண்மையே.

இந்த அசட்டையின் விலையைக் கடலோடிகள் அறிவார்கள். இங்கிலாந்து நாட்டு அரச வானியலார் நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டு முதல் மாலுமிகளுக்கான வானியற் பஞ்சாங்கம் ஒன்றை வெளியிட்டார். நிலவின் இருப்பைக் கொண்டு நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிப்பதற்கு அது உதவிற்று. கணக்காளர்கள் தத்தம் இல்லங்களில் இருந்தே வேலை செய்தனர். ஒருவர் கணக்கை மற்றொருவர் பாராமல் செய்யவேண்டும். மூன்றாமவர் இரண்டையும் ஒப்புநோக்குவார் என்பது ஏற்பாடு. இரு கணக்காளர் தமக்குள் கலந்துகொண்டு விடைகளை ஒன்றாக்கியது ஒருமுறை வெளிப்பட்டது. இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் செய்தது சிறு சோம்பல்போலத் தோன்றலாம். ஆயின் ஓர் எண் பிழைத்தால், அதை நம்பி இரவில் பாறைக் கரையை நெருங்கும் கப்பலில் எத்தனை உயிர்கள்! அம்மாலுமிகளின் பெயர்கூட அக்கணக்காளர்களுக்குத் தெரியாது. பெயர் தெரியாதவனும் அயலான்தான் என்பதன்றோ நல்ல சமாரியனின் உவமை நமக்குக் கற்பித்தது?

இங்கே ஒரு தடை எழலாம். கையேட்டிலும் கணக்கிலும் உண்மை வேண்டும், சரி. பக்தியை வளர்க்கும் வரலாற்றில் சிறிது மிகை கலந்தால் என்ன? அதனால் எவர் உயிரும் போகவில்லையே. மாறாக, எளியோரின் விசுவாசம் வளர்கிறதே என்று கேட்பவர் உண்டு.

இக்கேள்விக்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே விடை உள்ளது. இயேசு சபைக் குரு ஜான் பொல்லாந்து 1643இல் புனிதர் வரலாற்றுப் பெருந்தொகுப்பின் முதற் பகுதிகளை வெளியிட்டார். பழைய ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, உண்மையையும் புனைவையும் பிரித்தறிவதே அதன் நோக்கம். அவர் வழிவந்த தானியேல் பாப்பெப்ரோக், கார்மேல் சபை இறைவாக்கினர் எலியாவால் நேரடியாகத் தொடங்கப்பட்டது என்னும் மரபுக்குச் சான்று இல்லை என எழுதினார். சபையினர் கொதித்தெழுந்தனர். 1695இல் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை மன்றம் மார்ச்சு, ஏப்ரல், மே மாதத் தொகுதிகளைக் கண்டனம் செய்தது. பாப்பெப்ரோக் 1714இல் இறந்தார். கண்டனம் நீக்கப்பட்டது 1715இல்! தம் பெயர் துலக்கம் பெற்றதை அவர் காணவில்லை.

கார்மேல் துறவிகளைத் தீயவர் என்று சொல்வது நீதியன்று. தாயின் பெருமையைக் காக்கும் பிள்ளைகளின் அன்பே அவர்களை இயக்கியது. ஆனால் அந்த அன்பு ஒன்றை மறந்தது. அவிலா தெரேசாவையும் சிலுவை அருளப்பரையும் ஈன்ற சபைக்கு இரவல் பெருமை எதற்கு? இறைவன் உண்மையே வடிவானவர் என்றால், அவரைப் புகழப் பொய்யைத் துணைக்கு அழைப்பது அவரை நம்பாமையே ஆகும். அன்றியும், ஒரு புனைவை நம்பி வளர்ந்த இளைஞன் அது புனைவு என்று பின்னொரு நாள் அறியும்போது, புனைவை மட்டுமா கைவிடுவான்? அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட உண்மையையும் ஐயுறுவான். உயிர் போகவில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

இது அயல்நாட்டுப் பழங்கதை மட்டுமன்று. நம் பங்குகளில் நூற்றாண்டு விழாவும் பொன்விழாவும் வரும்போது மலர் வெளியிடுகிறோம். அவற்றுள் பங்கின் வரலாறு தலையாய கட்டுரை. புனித சவேரியார் 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றியது வரலாறு. அவர் நம் ஊருக்கும் வந்தார், நம் ஆலமரத்தடியில் அமர்ந்தார் என்று சான்றின்றி எழுதினால் அது வரலாறாகாது. ஊரில் வழங்கும் செவிவழிச் செய்தியை எழுதவே கூடாதா? தாராளமாக எழுதலாம். 'இவ்வாறு முன்னோர் சொல்லக் கேட்டோம்' என்னும் ஒரு தொடரைச் சேர்த்தால் போதும். அத்தொடர் செய்தியின் மதிப்பைக் குறைப்பதில்லை. எழுதியவரின் நேர்மையைக் கூட்டுகிறது. அதுபோலவே ஊர்ப் பூசலில் எதிரணியில் நின்ற குடும்பத்தாரின் பெயரையும் உழைப்பையும் விட்டுவிட்டு எழுதுவதும் பொய்ச்சான்றின் ஒரு வகையே. இறந்தவர் எழுந்து வந்து மறுப்பு எழுதமாட்டார்.

தீமையை விலக்குவதோடு இக்கடமை முடிவதில்லை. நல்ல நோக்கு நூல் ஓர் அறச்செயல். மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய போர்த்துக்கீசியத் துறவி அந்தாம் தெ புரோயன்சா 16,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைத் தொகுத்தார். 1666இல் அவர் இறந்தார். அகராதி அம்பலக்காட்டில் அச்சேறியது 1679இல். அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தனிநாயக அடிகளார் 1954இல் கண்டறிந்து, 1966இல் மலேசியாவில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். ஒருவர் விதைத்தார், அச்சேறியதைக் காணவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொருவர் எடுத்து உலகிற்குக் கொடுத்தார். அகராதி வேலையில் புகழ் குறைவு. சொல்லைத் தேடி வருபவர் சொல்லோடு போய்விடுவார். தொகுத்தவரின் பெயரைப் பார்ப்பதில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாத தருமம் என்று இதனைச் சொல்லலாம்.

வீரமாமுனிவரின் சதுரகராதியும் (1732) அத்தகைய தருமமே. நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை; மனப்பாடம் செய்தவருக்கே அவை எளிதில் கைகொடுக்கும். முனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்பாகச் சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். எழுத்துக் கற்றவன் எவனும் எழுத்தின் வழியே சொல்லைத் தேடிச் செல்லும் பாதை அது. அறிவின் கதவைத் திறந்து வைப்பதும் பசித்தவனுக்கு உணவிடுவதும் ஒரே அன்பின் இரு முகங்கள்.

படிப்பவருக்கும் கடமை உண்டு. அறிவை நாடும் ஆர்வத்திலும் ஒழுங்கானது, ஒழுங்கற்றது என இருவகை உண்டு என்பார் தோமா அக்குவினார். பிறரைச் சொல்லில் வெல்லவும் தம்மை உயர்த்திக் காட்டவும் தேடுவது ஒழுங்கற்றது. இன்று கைப்பேசியில் கேட்ட நொடியில் விடை வருகிறது. அவ்விடையைச் சொன்னவர் யார், எதைக் கண்டு சொன்னார் என்பது பல வேளைகளில் தெரிவதில்லை. வந்ததை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பும்போது நாமும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறோம். முன்பு நூலாசிரியர் சிலருக்கே உரியதாயிருந்த பொறுப்பு இப்போது ஒவ்வொரு விசுவாசியின் கைக்கும் வந்திருக்கிறது.

ஆகவே எழுதுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத பகுதியைத் தெரியாது என்று குறித்தேனா? இதை நம்பி நடக்கப்போகும் முகமறியா மனிதரை ஒரு கணமேனும் நினைத்தேனா? முதலிரண்டு கேள்விகளும் அறிவைச் சோதிப்பவை. மூன்றாவது கேள்வி அன்பைச் சோதிப்பது. அதற்கு 'ஆம்' என்று விடை சொல்ல முடிந்தவர், குறையிருந்தால் தம்மால் இயன்றது அவ்வளவே என்று மக்கபேயர் நூலின் ஆசிரியரைப்போல அமைதியாக எழுதுகோலைக் கீழே வைக்கலாம்.