காந்திஜியின் இரண்டு சங்கீத ஆசிரியர்கள்

நாரதருக்கும் தும்புருவுக்கும் பாட்டிலே போட்டி வந்த கதை உங்களுக்குத் தெரியும். தீர்ப்புச் சொல்ல வேண்டிய அனுமன் தானே பாடத் தொடங்கினான். பாறை உருகியது. பாட்டு நின்றதும் இறுகியது. அதன்மேல் வைத்திருந்த வீணைகள் சிக்கிக்கொண்டன. மறுபடி உருக்கி எடுக்க அந்த இரண்டு மகா வித்வான்களாலும் எளிதில் முடியவில்லை. அவர்களுக்கு வித்தையில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. ஆனால் பாட்டுக்குள் ‘நான்’ உட்கார்ந்திருந்தது. அனுமன் பாட்டில் ராமன் மட்டுமே இருந்தான்.

சங்கீதத்தை எதற்காகக் கையில் எடுக்கிறோம்? இந்தக் கேள்வி புராணத்தோடு முடிந்துபோகவில்லை. மகாத்மா காந்தியின் வாழ்க்கையிலும் இரண்டு சங்கீத ஆசிரியர்கள் வருகிறார்கள். இருவரையும் பார்ப்போம்.

1888-ல் சட்டம் படிக்க லண்டனுக்குப் புறப்பட்டபோது காந்திஜிக்கு வயது 18. அந்த ஊர்க் கனவான்களைப் போல ஆகிவிட வேண்டும் என்று ஆசை. நல்ல உடுப்பு தைத்துக்கொண்டார். நடனம் கற்கப் போனார். பியானோவின் தாளம் பிடிபடவில்லை. மேல்நாட்டு இசை காதுக்குப் பழகினால் சரியாகும் என்று 3 பவுன் கொடுத்து ஒரு வயலின் வாங்கி, ஓர் அம்மையாரிடம் பாடம் கேட்டார். பேச்சுக்கலைக்கும் ஓர் ஆசிரியரைப் பிடித்தார். கொஞ்ச நாளில் தமக்கே விழிப்பு வந்தது. ‘நான் மாணவன், படிக்க வந்தவன். இந்த வேஷம் எனக்கு எதற்கு?’ என்று எண்ணினார். மற்ற ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதி நிறுத்திக்கொண்டவர், வயலின் ஆசிரியையை மட்டும் நேரில் போய்ப் பார்த்தார். வந்த விலைக்கு வயலினை விற்றுவிடும்படி கேட்டுக்கொண்டு, தாம் தவறான வழியில் போய்க்கொண்டிருந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

அந்த அம்மையார் என்ன செய்தார்? கட்டணம் தரும் மாணவன் போகிறானே என்று தடுக்கவில்லை. காந்திஜியின் தீர்மானத்துக்கு ஊக்கம் கொடுத்து அனுப்பினார். ‘சத்திய சோதனை’யில் காந்திஜியே இதை எழுதியிருக்கிறார். வித்தையைக் கொடுக்கிறவர் மட்டுமா குரு? ‘உனக்கு இப்போது இது வேண்டாம்’ என்று மனம் நிறைந்து விடை கொடுக்கிறவரும் குருதான்.

இனி இரண்டாவது ஆசிரியர். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் என்ற மகா வித்வான் இருந்தார். சிறு வயதில் பட்டாசு விபத்தில் கண்பார்வை பாதிக்கப்பட்டவர். மீரஜ் சமஸ்தான ஆதரவில் வளர்ந்த அவர் பிறகு அரண்மனையை விட்டு வெளியேறி, 1901-ல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். அரசவையில் அடைபட்டிருந்த சங்கீதம் பொதுஜனங்களிடம் வந்தது. அவருடைய சீடர் பண்டித நாராயண் மோரேஷ்வர் காரே. காந்திஜியின் சபர்மதி ஆசிரமத்துக்கு ஒரு சங்கீத ஆசிரியர் தேவைப்பட்டபோது பலுஸ்கர் இவரைத்தான் அனுப்பினார்.

ஆசிரமத்தில் கச்சேரி மேடை ஏது? சன்மானம் ஏது? இருந்ததெல்லாம் விடியற்காலைப் பிரார்த்தனையும் மாலைப் பிரார்த்தனையும். பாடுகிறவர்களும் வித்வான்கள் இல்லை. நூல் நூற்கிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள், குழந்தைகள். சுருதி சேராத குரல்களையெல்லாம் ஒரு சுருதிக்குக் கொண்டுவருவதுதான் காரேயின் வேலை. பல மொழிப் பக்திப் பாடல்களைத் திரட்டி அவர் தொகுத்ததே ‘ஆசிரம பஜனாவளி’. பின்னால் காந்திஜி எரவாடா சிறையிலிருந்தபோது, தம் சிஷ்யை மீராபென்னுக்காக அந்தப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். லண்டனில் வயலினை விற்றுவிடச் சொன்னவர், சிறையில் பாட்டைத் துணையாக வைத்துக்கொண்டார்!

மாலைதோறும் அங்கே கீதை இரண்டாம் அத்தியாயத்தின் ஸ்திதப்பிரக்ஞ லட்சணத்தைச் சொல்வார்கள். துக்கத்தில் கலங்காதவன் யார் என்று பகவான் அர்ஜுனனுக்குச் சொல்லும் பகுதி. நாள் தவறாமல் சொல்வது எளிது. சோதனை வரும்போதல்லவா அதன் பொருள் தெரியும்? 1930-ன் தொடக்கத்தில் ஆசிரமத்தில் பெரியம்மை பரவியது. காரேயின் சின்னஞ்சிறு மகன் அதில் இறந்துபோனான். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கான தண்டி யாத்திரை வந்தது.

மார்ச் 12-ஆம் தேதி காந்திஜியோடு புறப்பட்ட 78 பேரில் காரேயும் ஒருவர். மகனைப் பறிகொடுத்த தகப்பனார், 240 மைல் தூரம், 24 நாள், வழியெல்லாம் பாடிக்கொண்டு போனார். அவர் பாடிய நரசி மேத்தாவின் ‘வைஷ்ணவ ஜனதோ’ என்ன சொல்கிறது? பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக அறிகிறவனே வைஷ்ணவன் என்கிறது. அதைப் பாட அவரைவிடத் தகுதி வேறு யாருக்கு? நம் அப்பர் பெருமான் கையில் உழவாரமும் நாவில் பதிகமுமாக ஊர் ஊராய் நடந்தாரே, அந்த மரபில் வந்தவர் இந்தப் பண்டிதர்.

சிலர் கேட்கலாம்: ‘தியாகராஜ சுவாமிகள் தஞ்சை அரசரின் அழைப்பை ஏற்கவில்லை என்று கொண்டாடுகிறோம். காரேயோ ஓர் அரசியல் தலைவர் பின்னால் போனாரே?’ நன்றாக யோசித்துப் பாருங்கள். போகாதவரும் எதையும் வேண்டவில்லை. போனவரும் எதையும் வேண்டவில்லை. இருவரும் நாடியது ராமநாமம்தான். காரே கடைசி வரை அப்படியே இருந்தார். 1938 பிப்ரவரியில், ஹரிபுரா காங்கிரஸ் மகாசபையின் இசை ஏற்பாடுகளைக் கவனிக்கப் போன இடத்திலேயே அவர் காலமானார்.

அன்பர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறோம். அரங்கேற்றத்துக்கு நாள் பார்க்கிறோம். நல்லதுதான். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். சாயங்காலம் விளக்கேற்றியதும் வீட்டிலுள்ள எல்லோரும் உட்கார்ந்து ஒரு நாமாவளியாவது சேர்ந்து பாடுங்கள். குரல் நன்றாக இல்லாத தாத்தாவையும், வேலை செய்ய வருகிற அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாடத் தெரிந்த குழந்தை அவர்களுக்குச் சுருதி எடுத்துக் கொடுக்கட்டும். கற்ற வித்தைக்கு அதைவிடப் பெரிய அரங்கேற்றம் கிடையாது.