வாசல் மூடிய பிறகு ஓர் அழைப்பு

பெசாக் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு யூத வீட்டில் யாரோ ஒருவர் முதல் இரவின் செதேர் விருந்துக்கு அழைப்பு எழுத உட்கார்கிறார். எழுத வேண்டியவை எளியவைதான். இருட்டியதும் தொடங்கும். முதலில் ஹகதா வாசிப்பு, சாப்பாடு வர நேரமாகும், மாலையில் எதையாவது கொறித்துவிட்டு வாருங்கள். ரொட்டி, கேக் எதுவும் வேண்டாம். ஒயின் கொண்டுவந்தால் அது பெசாக்குக்கு ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அடுத்த வரியில். யாருக்கு அனுப்புவது?

ஹகதாவிலேயே ஓர் அழைப்பு இருக்கிறது. மட்சாவை உயர்த்திக் காட்டி, இது எளியவர்களின் ரொட்டி என்று சொல்லிவிட்டு, பசித்தவர் எல்லாரும் வந்து உண்ணட்டும் என்ற பொருளில் வீட்டுக்காரர் வாசிப்பார். ஹகதாவின் பெரும்பகுதி எபிரேயம். இந்தப் பத்தியோ அரமேயத்தில் இருக்கிறது. பாபிலோனியாவில் யூதர்கள் தெருவில் பேசிய மொழி அது. கூப்பிடுவது கூப்பிடப்படுகிறவருக்குப் புரிய வேண்டும் என்பதால் அப்படி என்று ஒரு விளக்கம் உண்டு. சரி, ஆனால் இதைச் சொல்லும்போது விருந்தினர்கள் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, வாசலும் சாத்தியாயிற்று. தெருவில் பசியோடு போகிறவர் காதில் இது எப்படி விழும்? கொறித்துவிட்டு வரச் சொல்லி அழைத்தவர்கள் முன்னால்தான் பசித்தவர்களை அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது பொய்யா?

இந்தக் கேள்வியைத் தால்முத் லேசாக விடுவதில்லை. ஹுல்லின் என்ற பகுதியில் ரப்பி மெயிர் சொன்னதாக ஒரு விதி வருகிறது. சாப்பிட மாட்டான் என்று தெரிந்தே ஒருவனைச் சாப்பிட வா, வா என்று வற்புறுத்தக் கூடாது. அதோடு இன்னொன்று. கடைக்காரருக்கு ஏற்கெனவே விற்றுவிட்ட ஒயின் பீப்பாயை, விருந்தாளிக்காகவே திறப்பதுபோலக் காட்டித் திறக்கக் கூடாது. பணம் எதுவும் கைமாறவில்லை. ஆனால் விருந்தாளியின் நன்றியுணர்வு கைமாறிவிட்டது, அதற்கான விலையை நாம் கொடுக்கவில்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் கெனேவத் தஆத், மனத்தைத் திருடுதல்.

படித்தபோது கொஞ்சம் உறுத்தியது. "கட்டாயம் வீட்டுக்கு வரணும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அவர்கள் வர மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் அவ்வளவு அழுத்திச் சொல்ல முடிந்தது.

ஆனால் அதே இடத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது: அவரைக் கௌரவிக்கச் செய்தால் பரவாயில்லை. நியாயம்தான். ஊரில் இல்லாத நண்பருக்கு, படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு அழைப்பு போகத்தான் வேண்டும். வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும், அதனால் யாரும் ஏமாறவில்லை. இந்த வருடமும் உன்னை நினைத்தோம் என்பதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி, அது உண்மை. வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. அழைத்தவனுக்குப் பெருமை சேர்க்க எழுதியதா, அழைக்கப்பட்டவருக்கு மதிப்புக் கொடுக்க எழுதியதா?

அப்படியானால் மூடிய வீட்டுக்குள் சொல்லும் அந்த அரமேய அழைப்பு? அதை அன்றிரவின் அழைப்பாக மட்டும் பார்த்தால் அது பீப்பாய்த் தந்திரம்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெசாக்குக்கு முன் ஏழைகளுக்கு மாவு வாங்கப் பணம் திரட்டுவது யூதச் சமூகங்களில் பழைய வழக்கம். ஊரின் மிக ஏழைக்கும், தர்மப் பணத்திலிருந்தாவது, அன்றிரவு நான்கு கோப்பை ஒயின் கிடைத்தாக வேண்டும் என்று மிஷ்னா சொல்கிறது. பண்டிகையன்று வாசலைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடிப்பவனுடைய மகிழ்ச்சி வயிற்றின் மகிழ்ச்சி மட்டுமே என்று மைமோனிடிஸ் கடுமையாக எழுதுகிறார். ஆக, அந்த வரி வெளியே இருப்பவருக்கு அல்ல, சொல்பவருக்கே கேட்க வேண்டியது என்று நினைக்கிறேன். மூன்று வாரமாக என்ன செய்தாய்? செய்தவன் வாயில் அது உண்மை, செய்யாதவன் வாயில் திருட்டு.

"எல்லாரும் வாங்க" என்பது செலவில்லாத அழைப்பு. யாராவது ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் செலவு தொடங்குகிறது. புதிதாக ஊருக்கு வந்தவர், சென்ற வருடம் துணையை இழந்தவர், எபிரேயம் தெரியாது என்று கூச்சப்படுகிறவர். "உங்கள் பக்கத்தில் மொழிபெயர்ப்போடு ஒரு ஹகதா வைத்திருக்கிறேன்" என்று அவருக்கு ஒரு வரி எழுதினால், பிறகு அதை வைத்தே ஆக வேண்டும்.

பெயர் எழுதினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? தால்முத்தின் இன்னொரு கதை அப்படி நம்ப விடுவதில்லை. எருசலேமில் ஒருவனுக்குக் காம்சா என்று ஒரு நண்பன், பார் காம்சா என்று ஒரு எதிரி. நண்பனை விருந்துக்கு அழைக்க அனுப்பிய ஆள் தவறுதலாக எதிரியை அழைத்து வந்துவிடுகிறான். எழுந்து போ என்கிறான் வீட்டுக்காரன். வந்ததுதான் வந்துவிட்டேன், நான் சாப்பிடுவதற்குப் பணம் கொடுக்கிறேன் என்கிறான் பார் காம்சா. முடியாது. விருந்தின் பாதிச் செலவு? முடியாது. முழுச் செலவும்? கையைப் பிடித்து வெளியே தள்ளுகிறான். அங்கே அமர்ந்திருந்த ரப்பிகள் வாய் திறக்கவில்லை. அவமானப்பட்டவன் அவர்கள்மேலும் கோபம் கொண்டு ரோமிடம் கோள் சொல்லப் போகிறான். பொ.ஆ. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்ததற்குத் தால்முத் சொல்லும் காரணங்களில் இந்த விருந்தும் ஒன்று.

வரலாற்றாசிரியர்கள் இதைக் காரணமாக ஏற்க மாட்டார்கள். கதை கேட்கும் கேள்வி வேறு. வீட்டுக்காரன் பக்கம் சட்டப்படி பிழை இல்லை, அவன் அழைத்தது வேறொருவனை. பெயர்ப்பட்டியல் அவன் கையில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனிதனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்த மற்றவர்கள் பேசவில்லை.

அதனால் அழைப்பு எழுதுகிறவருக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பெயர் போட்டு எழுதுங்கள். வர மாட்டார் என்று தெரிந்தவரை அளவுக்கு மீறி வற்புறுத்தாதீர்கள். மாவுக்கான பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கூடவே மேசையில் ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டு வையுங்கள். தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறவரும் அன்றிரவு பசியோடு வந்திருக்கலாம்.